பக்கத்துல யார் இருக்காங்க?

ஜனவரி 7

அன்புள்ள மயக்கத்துக்கு,

நீ எடுக்கமாட்டாய் என்று தெரிந்தும் நாலு நாளாகப் போன் அடித்துப் பார்த்தேன். உன் கம்பவுண்டர்தான் எடுக்கிறார். "டாக்டர் போன்ல பேச மாட்டாருங்க, கடுதாசி போடுங்க" என்கிறார், அரண்மனை வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. சரி, போட்டுவிட்டேன். என் கையெழுத்து புரியாவிட்டால் மருந்துக் கடையில் கொடுத்துப் படித்துக்கொள்.

விஷயம் இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் ஆஸ்பத்திரியை முன்னின்று நடத்திய டாக்டர்களைக் கௌரவிக்கப் போகிறார்களாம். இரண்டே பேர். நெஞ்சு நோய் வார்டுக்கு நான், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நீ. பிப்ரவரி பதினாறாம் தேதி, மூன்றாம் மாடிக் கூட்டரங்கில், ஆளுக்கொரு கேடயம். புதுக் கட்டடத்து வாசலில் நம் இருவர் படத்தையும் மாட்டப் போகிறார்கள். அழைப்பிதழுக்கு உன் பெயரைக் கேட்டபோது நர்ஸ்களில் பாதிப் பேர் "மயக்க மருந்து டாக்டர்தானே, மயக்கம் சார்" என்றார்களாம். மீதிப் பேர் புதிதாக வந்தவர்கள், உன்னைப் பார்த்ததே இல்லை.

எனக்கு இதில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. நாம் கவச உடை மாட்டிய அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நீ பேனாவால் "உள்ளே போகிறவர் தும்மிவிட்டுப் போகவும்" என்று சுவரில் எழுதியது மட்டும் அழியவில்லை. இரண்டு முறை வெள்ளையடித்தும் தெரிகிறது.

நீ சொல்லாமல் கொள்ளாமல் போனவன். காலையில் வந்து பார்த்தால் மேஜையில் ராஜினாமா, பக்கத்தில் உன் ஸ்டெதஸ்கோப். அதற்குப் பிறகு உன் வார்டையும் சேர்த்து நான்தான் பார்த்தேன். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் வா. நீ வராவிட்டால் உன் படத்தை ஒரு நாற்காலியில் வைத்துக் கேடயத்தை அதன் மடியில் வைக்கலாம் என்கிறார் சூப்பிரண்டு. செத்தவனுக்குச் செய்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நாற்காலி வேண்டாம்.

ஹெட்மாஸ்டர்


ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை ஹெட்மாஸ்டர் என்று முதலில் கூப்பிட்டது நான்தான். நீங்களே அப்படிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துச் சிரித்தேன். அதோடு சரி.

நான் வரவில்லை. படத்தை நாற்காலியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மலைமேல் ஒரு சிமென்ட் ஆலை, அதற்கு ஒரு மருந்தகம், அதற்கு நான். நசுங்கிய விரல், தூசி இருமல், லீவுக்காக வரும் வயிற்றுவலி. யாருக்கும் மயக்க மருந்து கொடுக்கும் தேவையே வருவதில்லை. ஆலைச் சங்கு ஊதினால் எழுகிறேன், மறுபடி ஊதினால் கதவைப் பூட்டுகிறேன். கம்பவுண்டர் நல்ல மனுஷன், நான் ஏன் போனைத் தொடுவதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீங்களும் கேட்கவில்லை. அன்று நான் சொல்லவந்ததையும் கேட்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன், உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான் என்றாலும்.

அந்த லிஃப்ட் மெக்கானிக் நினைவிருக்கும். வென்டிலேட்டரில் அத்தனை நாள் கிடந்து, பிழைக்கமாட்டார் என்று நாம் எல்லாரும் மனசுக்குள் கைகழுவிய பிறகு எழுந்து உட்கார்ந்தவர். அவர் மனைவி தினமும் சாயங்காலம் போனில் "சாப்பிட்டாரா?" என்று கேட்பார். மூக்கில் குழாயோடு கிடக்கிறவரைப் பற்றி அப்படிக் கேட்பார். நானும் "சாப்பிட்டாரும்மா" என்பேன். அவரை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, இந்தப் போனை நான்தான் பேசுவேன் என்று சிஸ்டரிடமிருந்து பிடுங்கினேன். அத்தனை மாதமும் சாவுச் செய்தியே சொன்ன வாய். ஒரு நல்ல செய்தி சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டது.

அவருக்குக் கால் இன்னும் நிற்கவில்லை. வண்டியில் ஏற்றி இறக்க இரண்டு பேராவது வேண்டும். அதைத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் வாய்க்குப் பழக்கப்பட்டது எதுவோ அதுதான் முதலில் வந்தது. "அம்மா, ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். பக்கத்துல யார் இருக்காங்க?"

அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. மாலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்களாம். வீட்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு அந்த மனுஷன் நம் வாசல் பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தது யார், அக்கா? அது இல்லாமல் யாருக்கும் போன் பேசக்கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது யார்? ஆனால் எல்லார் முன்னாலும் "வாயை வச்சே ஒரு உயிரை எடுத்துட்டியே" என்று கேட்டது என்னிடம். அந்த வாயோடு மேடை ஏறி நான் என்ன செய்வேன்?

மயக்கம்


ஜனவரி 22

தம்பி,

உன் கடிதத்தை ரவுண்ட்ஸ் போகும் முன்னால் படித்தேன். படித்திருக்கக்கூடாது. மூன்றாம் கட்டில்காரருக்குச் சொல்லவேண்டியதை நாலாம் கட்டில்காரருக்குச் சொன்னேன். அவர் பெரிய மனது பண்ணித் தலையாட்டினார்.

ஆமாம், அந்தக் கேள்வியை வகுத்தது நான்தான். ஏன் வகுத்தேன் என்று உனக்குத் தெரியும், நீயும் அன்று அறையில் இருந்தாய். அம்மா போய்விட்டாள் என்று ஒருவனுக்குச் சொன்னோம், அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நாம் போனை வைப்பதற்குள் சுவரில் மோதினான். அதற்குப் பிறகுதான், எதைச் சொல்வதற்கு முன்னாலும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேள், தனியாக இருப்பவரிடம் சாவைச் சொல்லாதே என்றேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். ஊர் அதற்குள் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடித்துவிட்டது. கடைசி மாதங்களில் அதைக் கேட்டால் பதில் வராது, அழுகைதான் வரும். உள்ளேயே அடைந்து கிடந்த நமக்குத்தான் அது உறைக்கவில்லை. பழக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தோம். அந்த இடத்தில் வேறு எந்த ஆஸ்பத்திரி டாக்டர் பேசியிருந்தாலும் அந்த அம்மா பிழைத்திருப்பார். நாம் பேசினோம்.

அன்று உன்னைத் திட்டியதற்குக் காரணம் கேட்கிறாய். என் விதிதான் அவரைக் கொன்றது என்று ஒப்புக்கொள்வதைவிட உன் வாய் கொன்றது என்று சொல்வது எனக்கு லேசாக இருந்தது. இதை இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன், அதுவும் நீ குத்திக் காட்டிய பிறகு. வேறு என்ன சொல்ல, என்னை மன்னித்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உன்னை வரவழைத்தால் அது துரோகம். கேடயத்தை எடுத்துக் கொடுக்க, பிழைத்துப் போனவர்களில் ஒருவரை அழைக்கலாம் என்று சூப்பிரண்டுக்கு யோசனை வந்திருக்கிறது. யாரை அழைத்திருக்கிறார் என்று நினைக்கிறாய்? லிஃப்ட் மெக்கானிக்கைத்தான். மனுஷன் மாதாமாதம் என்னிடம் நுரையீரல் காட்ட வருகிறார், வரும்போதெல்லாம் நம் லிஃப்ட்டின் கதவில் காதை வைத்துக் கேட்டு, பராமரிப்புக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குச் சிநேகிதம்.

கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டாராம். "போன் பண்ணின டாக்டர் கைக்கு நானே கொடுக்கணும்" என்றாராம். அவருக்குத் தெரியாது, தம்பி. உன் போனில் நல்ல செய்தியைக் கேட்டு, அந்தச் சந்தோஷம் தாங்காமல் மனைவியின் இதயம் நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறார். சிரித்துக்கொண்டே போனாள் என்கிறார்.

இனி நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

இரண்டு நாள் மருந்தகத்தைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சந்தோஷத்தில் செத்தாள் என்று அவருக்கு யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்க முடியாது, அவர்களுக்குப் போன் வந்ததே தெரியாது. எனக்குத் தெரிய வேண்டும்.

அந்த மனுஷன் கையால் கேடயம் வாங்குவதைவிட அவர் என்னை நாலு அறை அறைந்தால் வாங்கிக்கொள்வேன். வந்தால் உண்மையைச் சொல்லத்தான் வருவேன். அதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. உங்கள் மன்னிப்பைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத முடியவில்லை. கோபம் இல்லை, அந்த மன்னிப்பை எடுத்து வைக்க உள்ளே இடம் இல்லை.

மயக்கம்


பிப்ரவரி 4

தம்பி,

நான்தான் சொன்னேன்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்துவிட்டதைச் சொன்னேன். பையைப் பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு, "நான் வரேன்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் "போன் பண்ணிச் சொன்னோம்" என்றேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. மீதியை அவரே கட்டிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதை இடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

நீ உண்மையைச் சொன்னால் உன் பாரம் இறங்கும், அது எனக்குப் புரிகிறது. இறக்கி யார் தலையில் வைப்பாய் என்று யோசி. அரை நுரையீரலும் ஒரு நினைப்புமாகத்தான் அந்த மனுஷன் உயிரோடிருக்கிறார். நினைப்பைப் பிடுங்கிவிட்டால் மீதி நுரையீரலுக்கு நான் பொறுப்பில்லை. மெக்கானிக்குக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு பக்கம் என்று நான் மத்தளமாக இருக்கிறேன். இரண்டு பக்கமும் இடி.

நீ வரமாட்டாய் போலிருக்கிறது என்று நேற்று அவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கவலையே படவில்லை. "அவருக்கு முடியலைன்னா நான் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துட்டு வரேன், எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க" என்கிறார். இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள் உன் மலைக்கு வருவாராம். தடுத்தால் கேட்கிற ஆளும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

மலை ஏற விடாதீர்கள். நான் இறங்கி வருகிறேன்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சொல்வேன் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

மயக்கம்


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

விழா முடிந்ததும் உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன், மறுபடியும். இந்த முறை ஓடி வரவில்லை. கடைசி பஸ் போய்விட்டால் மறுநாள்தான், காலையில் ஆலையில் கை நசுங்கியவன் ஒருவனுக்குத் தையல் பிரிக்க வேண்டியிருந்தது.

மைக்கைப் பிடித்து மெக்கானிக் பேசியது ஒரே ஒரு வரி. சபை கைதட்டியது, சூப்பிரண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் மட்டும் கைதட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவரால் படி ஏற முடியாது என்று எங்கள் இருவரையும் லிஃப்ட்டில் மேலே வரச் சொன்னார்கள். கீழே காத்திருந்தோம். ஆள் இளைத்திருக்கிறார், ஆனால் பேச்சு இளைக்கவில்லை. நம் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட்டு எத்தனை காலமாயிற்று என்று அதன் சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார். கேடயம் அவர் கையில்தான் இருந்தது. யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று கீழேயே வாங்கி வைத்துக்கொண்டாராம். "என் வீட்டுக்காரிக்கு நீங்கதானே சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்தார். நீங்கள் எழுதியதெல்லாம் நினைவில் இருந்தது, அக்கா. பேசாமல் மேலே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கை சூடாக இருந்தது, என்னால் முடியவில்லை.

சொல்லிவிட்டேன். முதலில் என்ன கேட்டேன் என்பதை, அதே வார்த்தையில் சொன்னேன். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்த காலம்தானே அது.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது, மூடியது. நாங்கள் ஏறவில்லை. அவர் என் கையை விட்டார். கேடயத்தைத் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். நிற்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லை, எதிரில் நின்றேன்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். "மூணு வருஷமா அவ சிரிச்சுக்கிட்டே போனான்னு நினைச்சுட்டிருந்தேன்."

நீங்கள் சொன்னதுதான் சரி என்று அந்த நிமிஷம் தோன்றியது. என் பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன். ஏதாவது மருந்து இருந்தால் அவரை மயக்கி, நான் சொன்னதை மட்டும் மறக்கவைத்திருப்பேன். என் படிப்பில் அதற்கு மருந்து இல்லை.

லிஃப்ட் மறுபடி வந்தது, மறுபடி போனது. மேலேயிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள், வருகிறோம் என்றேன். அவர் அதன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலைக்காரர் குரலில், பழுது எங்கே என்று விசாரிக்கிற மாதிரி கேட்டார். அவள் விழுந்த பிறகு போன் அறுந்துவிட்டதா என்றார். இல்லை, லைன் இருந்தது என்றேன். நீங்கள் வைத்துவிட்டீர்களா என்றார்.

இதைத்தான் அன்று உங்களிடம் சொல்ல வந்தேன், அக்கா. நான் வைக்கவில்லை. சிஸ்டரை வேறு போனில் ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன், ஆனால் விலாசச் சீட்டில் பழைய வீட்டு விலாசம்தான் இருந்தது, வண்டி அங்கே போய்த் திரும்பியது. நான் போனைக் காதில் வைத்தபடியே பேசிக்கொண்டிருந்தேன். அம்மா, அவருக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார், சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்கு வருகிறார், இன்றைக்குக் கஞ்சி குடித்தார், நிஜமாகவே குடித்தார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

இதை அவரிடம் சொன்னேன். அவர் தன் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மனசு எங்கேயோ போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா கதவைத் திறக்க நேரமாகும், டாக்டர். சில நேரம் திறக்கவே முடியாமலும் போயிடும். எங்க ஆளுங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் கொடுக்கிறது ஒண்ணுதான். கை வேலை செய்யட்டும், வாய் பேசிக்கிட்டே இருக்கணும். உள்ள இருக்கிறவங்களுக்குக் காது கேட்குதான்னு பார்க்காதே. பேசு."

கையை நீட்டினார். தூக்கிவிட்டேன். அடுத்து வந்த லிஃப்ட்டில் ஏறினோம். கேடயத்தை நான் எடுத்து வந்தேன், மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் மன்னிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அழுது முடித்தவர் களைப்புதான் தெரிந்தது. நமக்குப் பழக்கமான முகம்தான்.

அதனால்தான் மைக்கில் அப்படிச் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள். "என் வீட்டுக்காரி போகும்போது அவ பக்கத்துல இந்த டாக்டர்தான் இருந்தார்."

கேடயத்தை மருந்தகத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். கம்பவுண்டர் ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைக்கிறார். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலைக் கடிதத்தில் எழுத வரவில்லை. இது கைக்குக் கிடைத்ததும் கூப்பிடுங்கள், அக்கா. நானே எடுக்கிறேன்.

மயக்கம்